சீராளனைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது: வரலாறா, புராணமா, கற்பனைக் கதையா?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குத் தேவார வகுப்பு நடக்கிறது. முப்பது பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் இன்னும் செம்பனைத் தோட்டத்து வீடுகளிலிருந்து அப்பாவின் மோட்டாரில் வந்து இறங்குகிறவர்கள். தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு நாயன்மார் வரிசையில் சிறுத்தொண்டர் முறை வந்தது. வழக்கம்போல, "இது உண்மையில் நடந்த சம்பவம்" என்று தொடங்கினேன். வடதேசத்துப் பைரவர் வேடத்தில் சிவன் வருகிறார். ஐந்து வயதுப் பாலகனை, ஒரு குடிக்கு ஒரே மகனை, தாய் பிடிக்கத் தந்தை அரிந்து மனம் உவந்து கறி சமைத்துத் தர வேண்டும் என்கிறார். சிறுத்தொண்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஓடி வந்த மகன் சீராளனைத் தோளில் தூக்கி வருகிறார். கேட்டபடியே பிள்ளையை அரிந்து கறி சமைக்கிறார்கள். கடைசியில் பிள்ளை திரும்பி வருகிறான், சிவன் காட்சி தருகிறார். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முன்வரிசையில் உட்காரும் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் அதற்கடுத்த இரண்டு வாரம் வரவில்லை. கோயிலில் அவன் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ராத்திரி அவங்க அப்பா பக்கத்துல படுக்க மாட்டேங்கிறான் டீச்சர். பள்ளி விட்டதும் அப்பா கூட்டிட்டு வரப் போனா மோட்டார்ல ஏற மாட்டேங்கிறான், வேன்லதான் வருவேங்கிறான். சாமி வந்து கேட்டா அப்பா என்னையும் குடுத்துடுவாரான்னு கேக்குறான்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே பாடத்தைக் கேட்ட இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி வேறொரு கேள்வியோடு வந்தாள். "ஆதாரம் இல்லாததை வரலாறுன்னு எழுதக்கூடாதுன்னு பள்ளியில சொல்றாங்க. இதுக்கு என்ன ஆதாரம் டீச்சர்?" 2013 முதல், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் சான்றிதழ் பெற வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடம். முதல் படிவத்திலேயே முதன்மை ஆதாரம், இரண்டாம் நிலை ஆதாரம் என்று பிரித்துப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். அவள் கேட்டதில் குற்றமே இல்லை. ஒரே கதை, ஒரே வாக்கியம், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகக் கேடு செய்திருக்கிறது. அந்த வாக்கியம் என்னுடையது.

புதிய ஆண்டுப் பாடத்திட்டம் போடுவதற்கு முன்னால் நான்கு பேர் மண்டபத்தில் உட்கார்ந்தோம். கோயில் தலைவர், கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் பொறியாளர் தம்பி, சீர்திருத்தச் சங்கத்துக் குடும்பத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர், நான். சமய நூலை வரலாறாகச் சொல்வதா, புராணமாகவா, கற்பனை இலக்கியமாகவா என்பதுதான் பேச்சு. மூன்று சந்திப்பு ஆயிற்று. இதே வேலையைச் செய்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

வரலாறு என்ற கட்சியை வலுவாகப் பேசியவர் பொறியாளர் தம்பி. "சிறுத்தொண்டர் யாரோ கட்டிவிட்ட ஆள் இல்லை டீச்சர், அதை முதல்ல ஒத்துக்கணும்" என்றார். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பரஞ்சோதி என்ற பெயரில் மன்னனுக்குத் தண்டு நடத்திப் போய் வாதாபி நகரைத் தூளாக்கி, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கவர்ந்து வந்தவர் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். பல்லவன் நரசிம்மவர்மன் 642 வாக்கில் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்தது கல்வெட்டுகள் சொல்லும் செய்தி. வாதாபிப் பாறையிலேயே அவனுடைய சிதைந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. திருஞானசம்பந்தர் தம் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். இவற்றைச் சேர்த்து வைத்துத்தான் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். தேவார காலத்தையே அளக்க உதவிய ஆள் நம் சிறுத்தொண்டர். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நஷ்டம்.

ஆனால் அந்தக் கல்வெட்டு எதுவரை வருகிறது? வாதாபி வாசல்வரை வருகிறது. திருச்செங்காட்டங்குடி வீட்டுச் சமையற்கட்டுக்குள் வரவில்லை. சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். வாதாபிப் போருக்கும் அவருக்கும் ஐந்நூறு வருஷ இடைவெளி. அவருக்கு மூலமான சுந்தரரின் திருத்தொண்டத்தொகை, "செங்காட்டங்குடி மேய சிறுத்தொண்டற்கு அடியேன்" என்று ஊரையும் பேரையும் மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஒரு பகுதி உண்மையென்று தெரிந்ததும் மொத்தத்துக்கும் அதே முத்திரையைக் குத்திவிடுவதுதான் நான் செய்த தவறு. ஆதாரம் அப்படி ஒட்டிக்கொண்டு பரவாது. இன்னொன்றும் பாருங்கள். சிறுத்தொண்டர் வாதாபியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். கொள்ளைப் பொருள்களை வரிசையாகச் சொல்லும் சேக்கிழாரின் பாட்டில் பிள்ளையார் இல்லை. நூலில் இல்லாத ஒன்றை நாமே வரலாறாக்கி வைத்திருக்கிறோம்.

தம்பி அடுத்து மடிக்கணினியைத் திறந்து இராமாயணத்துக்கு வந்தார். வால்மீகி சொல்லும் கிரக நிலைகளை வானியல் மென்பொருளில் போட்டு, இராமர் பிறந்தது கி.மு. 5114 சனவரி 10 என்று ஒருவர் கணித்திருக்கிறார். தம்பிக்கு அதில் பெரிய நம்பிக்கை. அவர் படிப்பு அப்படி, கணக்கு என்றால் மதிப்பு. ஆனால் அதே இராமாயணத்துக் குறிப்புகளை வைத்து இன்னொருவர் கி.மு. 7323 டிசம்பர் 4 என்று கணித்திருப்பதையும் நான் காட்டினேன். ஒரே நூலிலிருந்து இரண்டாயிரத்து இருநூறு வருஷ வித்தியாசம். அதோடு கடக லக்கினம் போன்ற இராசிப் பெயர்கள் இந்திய நூல்களில் புழங்கத் தொடங்கியது கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில், கிரேக்கத் தொடர்பால் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால் அந்த வரிகள் பிறந்தநாள் பதிவாக இருக்க முடியாது. பின்னால் வந்த பக்தர்கள் தங்கள் குழந்தைக்கு ஜாதகம் எழுதுவதுபோல இராமனுக்கு எழுதிப் பார்த்த அன்பாகத்தான் எனக்குப் படுகிறது. அன்பு என்று சொன்னால் அந்த வரிகளுக்கு ஒரு குறைவும் இல்லை. பதிவு என்று சொன்னால்தான் சிக்கல்.

மகாபாரதத்திலும் இப்படித்தான். ஐஹொளெ கல்வெட்டு 634-இல் வெட்டியது. இரண்டாம் புலிகேசியின் புகழ் பாடுவது. நம் பரஞ்சோதி தூளாக்கினதாகச் சொல்லப்படும் வாதாபி இதே புலிகேசியின் தலைநகர்தான். பாரதப் போர் முடிந்து 3735 வருஷம் ஆயிற்று என்று அதில் கவிஞர் இரவிகீர்த்தி கணக்குச் சொல்கிறார். அதாவது கி.மு. 3100 வாக்கு. 1950 முதல் 1952 வரை அஸ்தினாபுரத்தைத் தோண்டிய பி.பி. லால் குழு அங்கே கண்டது சாம்பல்நிற வண்ணப் பானைப் பண்பாட்டை, அதற்கு இரண்டாயிரம் வருஷம் பிந்தையதை. கல்வெட்டு உண்மையானது, கல்லில் இருப்பதும் உண்மைதான். ஆனால் அது நமக்குக் காட்டுவது ஏழாம் நூற்றாண்டு மக்கள் எதை நம்பினார்கள் என்பதை. போர் எப்போது நடந்தது என்பதை அல்ல. இந்த வேறுபாட்டை ஒரு பிள்ளை புரிந்துகொண்டால் பள்ளிப் பாடத்திலும் அவளுக்கு உதவும்.

நாம் வாழும் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. பீடோங்கிலிருந்து மெர்போக் அரும்பொருளகம் பக்கம்தான். ஜெராய் மலை அடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல்தளம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் ஒவ்வொரு முறையும் பெற்றோர் யாராவது ஒருவர், "இது இராஜேந்திர சோழன் கட்டினது" என்பார். இராஜேந்திரனின் கடல் படையெடுப்பு 1025 வாக்கில் நடந்தது, தஞ்சைக் கல்வெட்டில் நம் கெடாவின் பழைய பெயரான கடாரம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு வென்றதைச் சொல்கிறது, இங்கே கட்டியதாகச் சொல்லவில்லை. 2013-இல் இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு சண்டி (பழங்காலக் கோயில் கட்டடம்) வீடமைப்பு வேலையில் இடிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் துடித்தோம். அந்தத் துடிப்பு நியாயமானது. அதை நியாயமாக வைத்திருக்க வேண்டுமானால் தெரிந்ததை மட்டும் தெரிந்ததாகச் சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால், இருக்கிற உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வரலாறு என்று சொல்வதில் ஒரு பெரிய வசதி உண்டு, மறைக்கவில்லை. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நமக்கும் ஒரு பெருமை. பிற இனத்துப் பிள்ளைகளோடு படிக்கும் இடைநிலைப்பள்ளியில், "உங்க சாமி கதை எல்லாம் டொங்ஙெங்" (கட்டுக்கதை) என்று யாராவது சொன்னால் திருப்பிச் சொல்ல ஒரு தேதி கிடைக்கும். தம்பியின் தவிப்பு இதுதான் என்று எனக்குப் புரிந்தது. அவரும் அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர். ஆனால் அந்தத் தேதி நாளைக்கு ஒரு தோண்டலில் மாறிவிட்டால் பிள்ளையின் நம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பெரியவர் மறுமுனையில் நின்றார். "கற்பனைன்னு சொல்லிக்குடுங்க, பயம் போயிடும். நல்ல இலக்கியம்னு படிக்கட்டும்." இந்தக் குரல் எங்கள் வீட்டுக் குரல்தான். 1929 கடைசியில் ஒரு முறையும் 1954-இல் ஒரு முறையும் பெரியார் மலாயா வந்தார். அந்த அலையில் பல தோட்டங்களில் சீர்திருத்தப் பேச்சு நுழைந்தது. என் அப்பா அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். லயத்து வீட்டில் அம்மா விளக்கேற்றுவார், அப்பா திண்ணையில் உட்கார்ந்து இராவணன் பக்கத்து நியாயத்தைப் பேசுவார். வாலியை மறைந்து கொன்றது சரியா, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது தகுமா என்று எனக்கு யோசிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். கேள்வி கேட்டதால் நான் கெட்டுப்போகவில்லை.

இந்த வழிக்கு நம் கவிஞர்களே சாட்சி. "ஆசை பற்றி அறையலுற்றேன்... இராமன் கதை" என்று அவையடக்கத்தில் தொடங்குகிறார் கம்பர். பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிற இடம் அது. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதைத் தாங்கவில்லை, பர்ணசாலையோடு மண்ணையும் பெயர்த்துத் தூக்க வைத்துவிட்டார். வரலாறு எழுதுகிறவருக்கு இந்த உரிமை கிடையாது. கம்பர் எடுத்துக்கொண்டார், தமிழர் யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கோயில் மண்டபத்தில் வைத்தே படித்தார்கள். 'கதை' என்ற சொல் அப்போது எவ்வளவு கனமாக இருந்திருக்கிறது! இன்றைக்குத்தான் "கதை விடாதே" என்கிறோம்.

சேக்கிழாரிடமும் இந்தக் கண்ணோடு போனால் வேறொன்று தெரிகிறது. நான் வருஷக்கணக்காகச் சொன்ன கதையில் கவனிக்காமல் விட்டதை, அந்தப் பையனின் அம்மா பேசிய இரவில்தான் புத்தகத்தை எடுத்து வைத்துக் கண்டேன். பைரவர், மகனையும் சாப்பிடக் கூப்பிடு என்கிறார். தந்தை வெளியே வந்து மைந்தா வா என்கிறார். தாய் "செய்ய மணியே சீராளா வாராய்" என்று ஓலமிடுகிறாள். பிள்ளை வருகிறான். எப்படி வருகிறான்? "பள்ளியினின்று ஓடி வருவான் போல்" வருகிறான். முன்னால் தந்தை போய் அழைத்து வந்த அதே பள்ளி. அதே ஓட்டம். கவிஞர் பிள்ளையைக் கத்தி தொடுவதற்கு முந்தின நிமிஷத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார். 'போல்' என்ற ஒரு சொல்லில் அதைச் செய்திருக்கிறார். சாட்சி சொல்ல வந்தவர் போல் என்று சொல்ல மாட்டார், வந்தான் என்றுதான் சொல்வார். அன்றிரவு அந்தப் பாட்டை ஐந்தாறு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

ஆக, இலக்கியமாகப் படிக்காமல் எதையும் படிக்க முடியாது என்பது என் எண்ணம். ஆனாலும் கற்பனை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கற்பனைக் கதையைப் படித்து மூடிவைத்துவிடலாம். பிடிக்கவில்லையென்றால் பாதியில் விடலாம். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணி அன்று அமுது படையல் நடக்கிறது. பிள்ளை வரம் கேட்டு அங்கே போய் நிற்கிறவர்கள் நல்ல நாவல் படித்த மகிழ்ச்சிக்காக நிற்கவில்லை. சாவு வீட்டில் நாம் திருவாசகம் பாடுவது இலக்கிய ரசனைக்காக இல்லை. அப்பா இறந்தபோது, கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன அவருக்குத் தலைமாட்டில் அம்மா பாடினார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. அந்தப் பாட்டைக் கற்பனை என்ற பெட்டியில் போட எனக்குக் கை வராது.

அப்படியானால் புராணம். எங்கள் தலைவர் பக்கம் அது. "புராணத்தைப் புராணமாச் சொல்லுங்க, உட்பொருளைச் சொல்லுங்க" என்றார். புராணம் என்றால் பழையது என்றுதான் பொருள். பொய் என்ற பொருள் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. சமய நூலில் எது எந்த வகைப் பேச்சு என்று பிரித்துப் பார்க்கிற நினைப்பெல்லாம் ஆங்கிலக் கல்வி வந்த பிறகுதான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேதத்தை எப்படி வாசிப்பது என்பதையே தொழிலாகக் கொண்ட மீமாம்சகர்கள் என்றைக்கோ இதைப் பிரித்து வைத்துவிட்டார்கள். வேத வாக்கியங்களில் புகழ்ந்து தூண்டும் பகுதிக்கு அர்த்தவாதம் என்று பெயர். அதில் மூன்று வகை. கண்ணால் காண்பதற்கு முரணாக இருந்தால் குணவாதம்: "வேள்வித்தூண் சூரியன்" என்று வேதம் சொன்னால் தூண் பளபளக்கிறது என்று கொள்ள வேண்டும், சூரியன் என்று வாதாடக்கூடாது. ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னால் அனுவாதம்: "குளிருக்கு மருந்து நெருப்பு" என்பது போல. முரணும் இல்லை, வேறு வழியில் தெரியவும் இல்லை என்றால் பூதார்த்தவாதம்: இந்திரன் விருத்திரன்மேல் வச்சிரத்தை ஓங்கியது போல. வேதத்தை மனிதர் எழுதியதே இல்லை என்று நம்பியவர்கள் செய்த பாகுபாடு இது. வரிக்கு வரி இது எந்த வகைப் பேச்சு என்று கேட்டுப் பார்ப்பது அவர்களுக்கு அவநம்பிக்கையாகத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

உட்பொருள் என்ற சொல்லில் ஓர் ஆபத்து உண்டு, அதையும் தலைவரிடம் சொன்னேன். சீராளன் என்றால் பற்று, கத்தி என்றால் ஞானம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் மாட்டிக்கொண்டே போனால் கதை செத்துப்போகும். பிள்ளைகளுக்கு அது விடுகதை விடை போல ஆகிவிடும். விடை தெரிந்துவிட்டால் கதை எதற்கு?

எனக்குப் புராணம் என்றால் என்ன என்று புரியவைத்தது என் தாத்தா. 1943-இல் ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துப் பெரட்டிலிருந்து (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) அவரைச் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குள் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட பாதை அது. மலாயாவிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் செத்தார்கள். தாத்தா திரும்பி வந்தார். எப்படி வந்தார் என்று பாட்டி சொல்லும்போது, காட்டில் வழி தவறிய இரவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் அரிக்கன் விளக்கோடு முன்னால் நடந்தார், விடிந்ததும் காணவில்லை, நம்ம முனியாண்டிதான் என்பார். சின்ன வயசில் தாத்தாவிடம் நேராகக் கேட்டேன்: "தாத்தா, முனியாண்டி நெசமா வந்தாரா?" அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் வந்திருக்கேன்ல?" என்றார்.

இதை எந்தப் பெட்டியில் போடுவது? சயாம் பாதை வரலாறு. தேதி உண்டு, தூரம் உண்டு, புதைகுழிகள் உண்டு. விளக்கோடு வந்தவர் வரலாற்றுக்குள் வரமாட்டார். ஆனால் அவரை எடுத்துவிட்டால், உடன் போனவர்களெல்லாம் செத்தும் தான் மட்டும் பிழைத்த ஒரு மனிதன் ஐம்பது வருஷம் சுமந்த பாரத்தைச் சொல்ல வேறு வார்த்தை அவரிடம் இல்லை. என்ன நடந்தது என்பது வரலாறு. நடந்ததை வைத்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பது என்பது புராணம். தாத்தாவின் கதை கற்பனை என்று பாட்டி முகத்துக்கு நேரே சொல்ல என் அப்பாகூடத் துணிந்ததில்லை.

கடைசிச் சந்திப்புக்கு முன்னால், பள்ளியில் என்னோடு வேலை செய்த கத்தோலிக்க ஆசிரியை ஒருவரிடம் பேசினேன். அவரும் மறைக்கல்வி எடுப்பவர். ஆபிரகாம் தன் மகனைப் பலியிட மலைக்குக் கொண்டுபோன பகுதி ஆதியாகமம் 22-இல் இருக்கிறது. நம் மலாய் அண்டைவீட்டார் ஹஜ்ஜுப் பெருநாளில் நினைக்கும் தியாகமும் அந்தத் தந்தையுடையதுதான். "உங்க பிள்ளைங்க பயப்படலையா?" என்று கேட்டேன். "பயந்திருக்காங்க அக்கா, அதனால சின்னதுங்களுக்கு நான் அதைச் சொல்றதில்ல" என்றார். 17-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷர் என்ற பேராயர் உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004 என்று கணக்குப் போட்டது, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மரஞ்செடிகள் மனிதனுக்கு முன்னும் இரண்டாம் அதிகாரத்தில் பின்னும் வருவது, 1943-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஒவ்வொரு பகுதியும் எந்த இலக்கிய வகை என்று பார்த்துப் பொருள் கொள்ளச் சொன்னது, எல்லாம் அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் நம் விசுவாசமே வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். "அந்த ஒரு இடத்துல நாங்க புராணம்னு ஒதுங்க முடியாது அக்கா. அது நடந்திருக்கணும். நோவா பேழை நடக்கலேன்னாலும் எனக்கு ஒன்னும் ஆகாது." எல்லாச் சமயத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்று அப்போது விளங்கியது. நடக்கவில்லை என்றால் எது இடியும்? ஒவ்வொரு பகுதியிலும் இதைத்தான் கேட்க வேண்டும். வாதாபிப் போர் நடக்கவில்லை என்றால் சம்பந்தரின் காலக் கணக்கு ஆட்டம் காணும், என் பக்திக்கு ஒன்றும் ஆகாது. சீராளன் சம்பவம் எழுத்துக்கு எழுத்து நடக்கவில்லை என்றால்? எதுவும் இடியவில்லை. அடியாருக்கு எதையும் மறுக்காத மனசும், கொடுத்தது திரும்பி ஓடி வரும் அந்தக் கணமும் அப்படியே நிற்கின்றன. மாறாக, அது எழுத்துக்கு எழுத்து நடந்தது என்று வைத்தால்தான் இடிகிறது. ஒரு ஒன்பது வயதுப் பையனுக்கு அப்பா மேலிருந்த நம்பிக்கை இடிந்துபோயிற்று. நானே பார்த்தேன்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. சமய வகுப்பில் நாயன்மார் கதைகளைப் புராணமாகவே சொல்வது. "உண்மையில் நடந்தது" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, "சேக்கிழார் சொல்கிறார்" என்று தொடங்குவது. சிறுத்தொண்டரை முதல் படிவத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு வைத்துக்கொள்வது. சின்னவர்களுக்குக் காரைக்கால் அம்மையாரின் மாங்கனியில் ஆரம்பிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு வகுப்பு வரலாற்றுக்கு, பொறியாளர் தம்பி எடுப்பார். வாதாபி, ஐஹொளெ, கடாரம், மெர்போக் பயணம் எல்லாம் அதில் வரும். எது கல்வெட்டில் இருக்கிறது, எது இல்லை என்று பிள்ளைகளே பிரித்து எழுத வேண்டும். பெரியவர் கம்பனிலிருந்து வாலி வதையைப் பெரிய பிள்ளைகளோடு வாதமாக நடத்த ஒத்துக்கொண்டார். கோயில் மண்டபத்துக்குள் அவர் வந்து பாடம் எடுப்பது இதுதான் முதல் முறை.

தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை. இராமர் தேதியை விட அவருக்கு மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். தலைவர் கேட்ட கேள்விதான் கனமானது. "இன்னைக்குச் சேக்கிழார் சொல்கிறார்ன்னு சொல்றீங்க. நாளைக்குப் பிள்ளை பெரியவனாகி, சாமியும் அப்படி யாரோ சொன்னதுதானான்னு கேட்டா?" கேட்கட்டும் என்றேன். நான் நம்புகிறேன் என்று சொல்வேன். என் நம்பிக்கைக்கு வாதாபிக் கல்லைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன், தாத்தா திரும்பி வந்த கதையைச் சொல்வேன். அது அவனுக்குப் போதுமா என்பது அவன் முடிவு. தலைவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை.

அந்த வாரமே பையன் வீட்டுக்குப் போனேன். அம்மா கோப்பி கலக்க உள்ளே போனார். வாசற்படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரல் வைத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். 'போல்' என்ற இடத்தில் நிறுத்தி, "போல்னா, மாதிரி தானே டீச்சர்?" என்றான். மாதிரிதான் என்றேன். நான் முன்னே சொன்னது தப்பு, இது சேக்கிழார் பாட்டுக் கட்டிச் சொன்ன கதை, எந்த அப்பாவும் எந்தச் சாமிக்கும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை, எந்தச் சாமியும் கேட்காது என்று தெளிவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ கடைசியில அவன் பள்ளியிலேருந்து வந்துட்டான்" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். இரவு அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டானாம். தூங்குவதற்கு முன்னால், "நாளைக்கு வேன் வேணாம்பா, நீங்களே பள்ளிக்கு வந்து கூட்டிட்டு வாங்க" என்று சொன்னானாம்.